மடத்துவெளித் தாய்க்கு ஒரு மதியச் சாப்பாடு
உணவுச் செயலித் தொழிலில் இறங்க நினைப்போர் கவனத்திற்கு

சொந்தத் தொழில் தொடங்க விரும்பும் நமது இளைஞர்களிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், பலர் தரும் பதில் ஒன்றுதான்: "ஒரு அப் செய்யப் போகிறோம்." அதிலும் உணவு விநியோக அப் என்றால் ஆர்வம் இரட்டிப்பாகிறது. ஆரோக்கியமான சமைத்த உணவு, கையடக்கத் தொலைபேசியில் ஒரு தொடுகை, வாசலில் சாப்பாடு. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் கோடிக்கணக்கான டொலர்களைப் போட்டுவிட்டுக் கடையை மூடியவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். எனவே அப் செய்யுமுன் சிந்திக்க வேண்டியவை எவை என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

அதற்குக் கொழும்பையோ பெங்களூரையோ உதாரணமாக எடுத்துக்கொள்வது சுலபம். நாம் வேண்டுமென்றே கடினமான ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். அது புங்குடுதீவின் மடத்துவெளி.

மடத்துவெளி என்ற சந்தை

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை எனக் கடந்து, கடலை ஊடறுத்துச் செல்லும் வாணர் பாலத்தைத் தாண்டினால் புங்குடுதீவு. அதன் நுழைவாயிலில் இருப்பது மடத்துவெளி. இவ்வீதியின் மறுமுனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்துதான் படகு.

புங்குடுதீவு மக்கள் வியாபாரத்திற்குப் பேர்போனவர்கள். கொழும்பிலும் தென்னிலங்கையின் பல நகரங்களிலும் சாப்பாட்டுக் கடையும் பலசரக்குக் கடையும் நடத்தியவர்கள். 1990களின் தொடக்கத்தில் யுத்தம் தீவகத்தை வெறுமையாக்கியது. ஊரார் கொழும்புக்கும், கனடாவுக்கும், சுவிட்சர்லாந்துக்கும், பிரான்சுக்கும் சிதறினர். இன்று பூட்டிய வீடுகளும் இடிந்த மதில்களும் ஒருபுறம். மறுபுறம், ஊரை விட்டுப் போக மனமில்லாமல் திரும்பி வந்து தனியே வாழும் முதியவர்கள்.

அப்படி ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் உண்டு. மகன் சூரிச்சில், மகள் ரொறன்ரோவில். பணத்திற்குக் குறைவில்லை. ஆனால் ஒருவருக்காக அடுப்பு மூட்ட மனம் வருவதில்லை. காலையில் பாணும் தேநீரும். மதியம் ஒரு பிடி சோறும் நேற்றைய குழம்பும். இரவு பிஸ்கற். பிள்ளைகள் தினமும் தொலைபேசியில் கேட்பது "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்றுதான். அந்தத் தாயும் "ஓம், சாப்பிட்டன்" என்றுதான் சொல்வார்.

இதுதான் சந்தை. இங்கே தேவை இருக்கிறது, பணம் கொடுக்க ஆளும் இருக்கிறது. நடுவில் நம்பகமான ஒரு சேவை மட்டும் இல்லை.

இது ஒரு சிறு ஊரின் பிரச்சினை மட்டுமல்ல. 2018-2019இல் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட சுகாதார, முதுமை ஆய்வு, இலங்கையில் வயது வந்தோரில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நாட்டின் மரணங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு இதயநோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களே காரணம். ஆக, நல்ல உணவு என்பது இனி வசதி படைத்தவர்களின் ஆசை அல்ல.

தோற்றவர்கள் சொல்லும் பாடம்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2013இல் 'ஸ்பிரிக்' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆரோக்கியமான உணவைத் தானே சமைத்து, தானே அப் மூலம் விற்று, தானே விநியோகிப்பது அதன் திட்டம். 5 கோடி டொலருக்கும் அதிகமான முதலீடு கிடைத்தது. 2017 மே மாதம் மூடப்பட்டது. சமையல் முதல் விநியோகம் வரை முழுவதையும் தாமே பெரிய அளவில் செய்வதன் சிக்கலே காரணம் என்று நிறுவனமே கூறியது.

அதே நகரில் 2010இல் தொடங்கிய 'மன்ச்சரி' இன்னும் பெரியது. 10 கோடி டொலருக்கு மேல் திரட்டியது. 2019 ஜனவரியில் திடீரென மூடியபோது, அதற்கு உணவுப் பண்டம் வழங்கிய சிறு பேக்கரிக்காரர்களும் சமையல்காரர்களும் தமக்கு வரவேண்டிய பணத்திற்காக வாசலில் நின்று போராட வேண்டியதாயிற்று.

இவர்களது அப் அழகாகவே இருந்தது. தவறு அங்கே இல்லை. இன்று எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரியாமல் சமைத்தார்கள். மிஞ்சியதைக் கொட்டினார்கள். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு தனிப் பயணம் ஓடினார்கள். உடனடி விநியோகம் என்ற வாக்குறுதி அவர்களது இலாபத்தைத் தின்றுவிட்டது.

வென்றவர்கள் சொல்லும் பாடம்

இதற்கு நேர் எதிரான உதாரணம் மும்பையின் டப்பாவாலாக்கள். 1890இல் தொடங்கிய இந்தச் சேவை, உச்சத்தில் இருந்த காலத்தில் சுமார் 5,000 பேரைக் கொண்டு தினமும் ஏறத்தாழ 2 இலட்சம் சாப்பாட்டுப் பெட்டிகளை வீடுகளிலிருந்து அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்த்தது. கணினி இல்லை, அப் இல்லை. பெட்டியின் மூடியில் நிறத்தாலும் எழுத்தாலும் ஒரு குறியீடு மட்டும். ஹார்வர்ட் வணிகப் பள்ளி இதைப் பாடமாகவே எழுதியது. அவர்களது இரகசியம் மூன்று: முன்கூட்டியே தெரிந்த எண்ணிக்கை, மாறாத நேரம், ஒரே பயணத்தில் பல பெட்டிகள். 2020இல் கொரோனா முடக்கத்தால் அலுவலகங்கள் மூடியபோது அவர்களும் பலத்த அடி வாங்கினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒரே வகை வாடிக்கையாளரை மட்டும் நம்புவதில் உள்ள ஆபத்து அது.

நமது நாட்டிலும் பாடங்கள் உண்டு. துலித் ஹேரத் தொடங்கிய 'கப்ருக' இணையக் கடை, வெளிநாட்டில் இருப்பவர் பணம் செலுத்தி ஊரிலுள்ள உறவினருக்குப் பொருள் அனுப்பும் வியாபாரத்தில்தான் வேரூன்றியது. ஜிஃப்ரி சுல்பர் நிறுவிய 'பிக்மி' 2015இல் வாடகை வண்டிச் சேவையாக ஆரம்பித்தது. உணவு விநியோகம் பின்னர் சேர்ந்தது. 2024இல் அந்நிறுவனம் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. 'ஊபர் ஈட்ஸ்' 2018இல் கொழும்பில் கால்பதித்தது. முதலில் ஒரு தேவையை ஒழுங்காக நிறைவேற்றி, நம்பிக்கை பெற்ற பின்னரே அடுத்ததைத் தொடுவது என்பது பிக்மியின் வரலாறு தரும் பாடம்.

வாங்குபவர் ஒருவர், உண்பவர் இன்னொருவர்

இப்போது அப்பின் வடிவமைப்புக்கு வருவோம். வழக்கமான உணவு அப்களில் பசித்தவரும் பணம் கொடுப்பவரும் ஒருவரே. மடத்துவெளியில் அப்படியல்ல. அப்பைத் தொடுபவர் சூரிச்சில் இருக்கும் மகன். உண்பவர் அப் என்றால் என்னவென்றே அறியாத தாய். இந்த ஒரு வித்தியாசத்தை உணர்ந்தால் வடிவமைப்பு முழுவதும் மாறிவிடும்.

முதலாவது, நேரம். நாளைய மதியச் சாப்பாட்டுக்கான கட்டளையை இன்றிரவு 8 மணிக்கு மூடுவதாக வைத்துக்கொள்வோம். கோடை காலத்தில் அது சூரிச்சில் மாலை 4.30. ரொறன்ரோவில் காலை 10.30. குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை மாற்றுவதால் ஒரு மணித்தியாலம் முந்திவிடும். எனவே அப் இரண்டு நேரத்தையும் காட்ட வேண்டும். "ஊரில் இரவு 8, உங்கள் நேரம் மாலை 4.30" என்று ஒரு வரி போதும்.

இரண்டாவது, தெரிவு. ஐம்பது உணவுகளின் படங்களைப் போடுவது கடைக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் தினமும் தெரிவு செய்ய மகனுக்கு நேரமில்லை, அத்தனையையும் சமைக்கச் சமையலறைக்கு ஆளுமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு சாப்பாடு போதும். ஒன்று மரக்கறி, மற்றது மீன் அல்லது கோழி. மகன் ஒருமுறை ஒரு மாதத்திற்குப் பதிந்தால் நாள்தோறும் தானாகப் போக வேண்டும்.

மூன்றாவது, நிறுத்தும் பொத்தான். தாய் யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் போகும் நாள், உறவினர் வீட்டுக் கலியாணம், விரத நாள், நோன்பு நாள். இவற்றுக்கு ஒரு தொடுகையில் அன்றைய சாப்பாட்டை நிறுத்தவும், பணம் அடுத்த நாளுக்கு மாறவும் வழி இருக்க வேண்டும். நிறுத்துவது கடினமாக இருந்தால் வாடிக்கையாளர் ஒரு நாளை அல்ல, சேவையையே நிறுத்திவிடுவார்.

நான்காவது, தாயின் குரல். "இன்று உப்புக் கூட", "மீன் வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு அப் தேவையில்லை. ஒரு தொலைபேசி இலக்கம் தேவை. அதில் தமிழ் பேசும் ஒரு பெண் இருக்க வேண்டும். அவர் சொன்னதை அந்தப் பெண் பதிந்தால் அது மகனின் அப்பிலும் தெரிய வேண்டும்.

ஐந்தாவது, மொழி. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளமானவை. ஆங்கிலத்தில் வரைந்த பொத்தானுக்குள் பின்னர் தமிழைத் திணித்தால் எழுத்து வெட்டுப்படும். ஆகவே முதல் வரைபடத்தையே தமிழில் போடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கினாலும் திரை குழம்பாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாவது, வலையமைப்பு. தொலைபேசிச் சமிக்ஞை எல்லா ஒழுங்கையிலும் ஒரே சீராகக் கிடைக்கும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள். விநியோகிப்பவரின் தொலைபேசி அன்றைய முகவரிப் பட்டியலைக் காலையிலேயே சேமித்து வைத்திருக்க வேண்டும். கொடுத்த விபரம் சமிக்ஞை கிடைக்கும்போது தானாகப் போய்ச் சேரட்டும்.

ஹலால், சைவம் என்ற அடையாளங்களும் இங்கே முக்கியம். தீவகத்தில் வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடும் வீடுகள் ஏராளம். நயினாதீவிலும் மண்கும்பானிலும் நமது பள்ளிவாசல்கள் இருக்கின்றன. ஒரு பச்சைப் புள்ளியைப் போட்டுவிட்டால் மட்டும் சைவமாகிவிடாது, ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் மட்டும் ஹலாலாகிவிடாது. தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, இறைச்சி வாங்கிய இடம் ஆகியவை சமையலறையில் ஒழுங்காக இருந்தால்தான் அப்பில் அந்தச் சொல்லை எழுத உங்களுக்கு உரிமை உண்டு.

ஆரோக்கியத்தை எப்படிக் காட்டுவது?

கலோரிக் கணக்கை எழுதினால் எத்தனை பேருக்கு விளங்கும்? 2016இல் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. மக்களுக்குப் பழகிப்போன அந்த மூன்று நிறத்தையே உப்பு, சீனி, எண்ணெய் மூன்றுக்கும் பயன்படுத்தலாம். அத்துடன் ஒரு தட்டின் படம் போதும்: அரைப் பங்கு மரக்கறியும் கீரையும், கால் பங்கு தவிடு நீக்காத அரிசிச் சோறு அல்லது குரக்கன் பிட்டு, கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு.

ஒரு எச்சரிக்கை. "நீரிழிவைக் குணப்படுத்தும் உணவு" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அது பொய். சீனி மருந்து எடுப்பவர் சாப்பாட்டைத் திடீரெனக் குறைத்தால் மயங்கி விழவும் கூடும். சிறுநீரக நோய் உள்ளவருக்குச் சில கீரைகளும் பழங்களும் ஆகாது. பதிவு செய்யும்போதே இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். சந்தேகமானால் வைத்தியரைக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

அப்புக்கு முன் அடுப்பு

ஆரோக்கிய உணவுக்கு வெளிநாட்டுச் சமையல் குறிப்புகள் தேவையில்லை. வடக்கில் விவசாயத் திணைக்களம் ஆரம்பித்த 'அம்மாச்சி' உணவகங்களை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலும் கிளிநொச்சியிலும் ஏ-9 வீதியோரத்திலும் பயணிகள் இறங்கிச் சாப்பிடும் இடங்கள் அவை. தெற்கின் 'ஹெல போஜுன்' உணவகங்களின் வழியில் வந்தவை. பெண்களே சமைக்கிறார்கள், பெண்களே விற்கிறார்கள், கண்முன்னே சமைக்கிறார்கள். குரக்கன் பிட்டு, ஒடியல் கூழ், இலைக்கஞ்சி, தோசை, வடை என்று மலிவாகக் கிடைக்கும். விளம்பரம் இல்லாமலே கூட்டம் வந்ததற்குக் காரணம், சமையலறைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் சுவர் இல்லாததுதான். அப் வியாபாரத்தில் அந்தச் சுவர் மிகப் பெரியது. அதனால்தான் காலையில் சமையலறையில் எடுத்த ஒரு நிஜப் படம், ஸ்டுடியோவில் எடுத்த நூறு படங்களைவிடப் பெறுமதியானது.

சமையலறையை எங்கே வைப்பது? மடத்துவெளியில் வைக்கத்தான் மனம் சொல்லும். ஆனால் புங்குடுதீவில் நல்ல தண்ணீர் பெரும் பிரச்சினை. கிணறுகள் பல உவர். பாத்திரம் கழுவவும் மரக்கறி கழுவவும் தினமும் தண்ணீர் வாங்கினால் செலவு தாங்காது. தீவகத்திற்குக் குடிநீர் தரும் சாட்டிப் பகுதியைக் கொண்ட வேலணைப் பக்கம் சமைத்து, பாலத்தைத் தாண்டிக் கொண்டுவருவதே புத்திசாலித்தனம்.

சூடான உணவு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இரண்டு மணித்தியாலத்திற்கு மேல் கிடந்தால் கிருமி பெருகும். ஆகவே 11 மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கி, வெப்பம் காக்கும் பெட்டியில் அடைத்து, 1 மணிக்குள் கடைசி வீட்டை முடிக்க வேண்டும். பிரதேச சபையின் அனுமதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையும் அவசியம். ரெஜிபோம் பெட்டியும் லஞ்ச் சீற்றும் 2017 செப்டெம்பர் முதல் தடை. எவர்சில்வர் அடுக்குப் பெட்டி இரண்டு சோடி வைத்து, இன்று கொடுத்து நேற்றையதை வாங்கி வருவதே நீண்டகாலத்தில் மலிவு.

கணக்குப் பார்ப்போம்

கீழே உள்ளவை விளக்கத்திற்கான உதாரண எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு சாப்பாடு 700 ரூபா. அதில் பொருட்செலவு 300, பொதி மற்றும் கழுவுதல் 40, அட்டைக் கொடுப்பனவுக் கட்டணம் 25. மிஞ்சுவது 335 ரூபா. நாளாந்த நிலையான செலவுகள்: சமையல் கூலி 4,800, முச்சக்கர வண்டியும் ஓட்டுநரும் 4,000, தொலைபேசியும் அப் பராமரிப்பும் 1,200. மொத்தம் 10,000 ரூபா.

தினம் 15 சாப்பாடு விற்றால் 4,975 ரூபா நட்டம். 30 சாப்பாட்டில் ஏறத்தாழ நட்டமுமில்லை, இலாபமுமில்லை. 40 என்றால் நாளுக்கு 3,400 ரூபா இலாபம். மாதம் 26 நாளுக்கு 88,400.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. ஒன்று, இது பெரும் பணக்காரராக்கும் தொழில் அல்ல, ஒழுங்காகச் செய்தால் இரண்டு மூன்று குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். மற்றது, உங்கள் இலக்கு ஆயிரம் பதிவிறக்கங்கள் அல்ல, முப்பத்தோராவது வீடு. அந்த வீட்டிலிருந்துதான் இலாபம் தொடங்குகிறது. பெருநகரில் தொழில் செய்பவர் ஏற்கனவே உள்ள பெரிய அப்களில் சேரலாம், அதில் தவறில்லை. ஆனால் உலகெங்கும் இத்தகைய நிறுவனங்கள் விலையில் 20 முதல் 30 வீதம் வரை தரகு எடுப்பது வழக்கம் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு சேருங்கள்.

தகவலும் அமானிதமே

யாருக்கு என்ன நோய், எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எத்தனை மணிக்குக் கதவு திறக்கும் என்பதெல்லாம் உங்கள் அப்பில் இருக்கும். திருடன் கையில் கிடைத்தால் என்னவாகும் என்று யோசியுங்கள். பெங்களூரின் 'பிரெஷ்மெனு' நிறுவனத்திலிருந்து 2016இல் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளரின் விபரங்கள் கசிந்தன. அதை அவர்களுக்குத் தெரிவிக்காமல் விட்டது 2018இல் அம்பலமாகிப் பெயர் கெட்டது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலை விசேட கவனத்துக்குரிய தரவாக வைத்திருக்கிறது. தேவையானதை மட்டும் கேளுங்கள். விநியோகிப்பவருக்கு வீடும் பெட்டி இலக்கமும் தெரிந்தால் போதும், நோய் தெரிய வேண்டியதில்லை. சேவையை நிறுத்தியவரின் தகவலை அழித்துவிடுங்கள்.

அப் எப்போது?

முதல் மூன்று மாதம் அப் வேண்டாம். ஒரு வட்ஸ்அப் இலக்கம், ஒரு கொப்பி, பத்து வீடுகள். 2020 ஊரடங்கின்போது நாடு முழுவதும் கடைக்காரர்கள் இப்படித்தான் வீடுவீடாக விற்றார்கள். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, எங்கே பிழை நேர்கிறது என்று கொப்பியில் குறித்து வையுங்கள். அந்தக் கொப்பிதான் உங்கள் அப்பின் வரைபடம். இருபது வீடு சேர்ந்ததும் கட்டளைக்கும் கொடுப்பனவுக்கும் ஒரு எளிய இணையப்பக்கம். முப்பதைத் தாண்டிய பின் அப். கூகிளின் கடையில் சேர ஒரு தடவை 25 டொலர், அப்பிளுக்கு வருடத்திற்கு 99 டொலர். பெரிய செலவு அதுவல்ல. ஒவ்வொரு வருடமும் அதைத் திருத்திப் பராமரிப்பதுதான்.

நம் மக்களுக்கு இதெல்லாம் பழகாது என்று எண்ண வேண்டாம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து கியூஆர் முறை வந்தபோது, முச்சக்கர வண்டிக்காரர் முதல் உழவு இயந்திரக்காரர் வரை சில வாரங்களில் பழகிக்கொண்டார்கள். தேவை உண்மையானால் மக்கள் கற்றுக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943இல், வீட்டோடு முடங்கியவர்களுக்குச் சமைத்த உணவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை தொடங்கியது. 1954இல் அது அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. அதில் ஈடுபட்டவர்கள் அனுபவத்தில் கண்டது, சாப்பாட்டைவிடக் கதவைத் தட்டும் மனிதர் முக்கியம் என்பதே. "அம்மா, சாப்பாடு வந்திட்டுது" என்று ஒரு பையன் தினமும் கூப்பிடுவான். "வையுங்கோ தம்பி" என்று பதில் வரும். ஒரு நாள் பதில் வராவிட்டால், அல்லது நேற்றைய பெட்டி திறக்கப்படாமல் திண்ணையில் இருந்தால், அவன் அயலாரைக் கூப்பிட வேண்டும், அப் உடனே மகனுக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவித்தலை முதலில் வரையுங்கள். மற்றப் பொத்தான்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சூரிச்சில் இருக்கும் மகன் மாதாமாதம் பணம் கட்டுவது சோற்றுக்காக மட்டுமல்ல.